அரைப்பேர்

இரத்தோட்டை,
10.02.2026

றாபியாவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு மனமில்லை. போன் அடித்தால் எடுக்கிறாய் இல்லை, வாட்ஸ்அப் குரூப்பை விட்டும் போய்விட்டாய். கடிதத்திலிருந்து அப்படித் தப்ப முடியாது. தபால்காரர் அலுவிகாரையில் உன் அண்ணன் ஹுஸ்னி நானாவின் சரக்குக் கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போவார். அதனால் எழுதுகிறேன்.

நீ மைக்கில் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. "நீங்க அடிமையாவே இருங்க. ஒங்களுக்கு அந்த லயம்தான் சரி." சொல்லிவிட்டு மைக்கை மேசையில் போட்டாய், பஸ் ஏறினாய், போனாய். யாரைப் பார்த்துச் சொன்னாய்? அன்றைக்குத் தேயிலைத் தோட்டத்து கேட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்த ஏழு பேரைப் பார்த்து. வராதவர்கள்மேல் இருந்த கோபத்தை வந்தவர்கள் தலையில் கொட்டிவிட்டுப் போன ஒரே தலைவி நீயாகத்தான் இருப்பாய்.

நவம்பர் மழையில் கீழ் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே மலை பிளந்து வெடித்ததிலிருந்து அந்தக் குடும்பங்கள் பாடசாலை மண்டபத்தில் புடவையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு கிடக்கின்றன. "வெடித்த மலைக்குக் கீழே திரும்பிப் போகமாட்டோம், வீடு கட்டக் காணி தாருங்கள் என்று கேட்டுக்கு முன்னால் உட்காருவோம்" என்று முதலில் சொன்னது நீ. நான் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்து, தூங்கவைக்கிற பொம்பளை. எனக்கு உண்ணாவிரதமும் தெரியாது, ஊர்வலமும் தெரியாது. நீ இரண்டாயிரத்து இருபத்திரண்டுப் போராட்டத்தில் கொழும்புக் காலிமுகத்திடலில் கூடாரம் போட்டுப் படுத்தவள். நீ சொன்னாய் என்று லயம் லயமாகப் போய் ஆள் கூட்டினேன். இப்போது நீ டவுனில் இருக்கிறாய். நான் தினமும் அந்தச் சனத்தின் முகத்தில் விழிக்கிறேன்.

நீ கொண்டுவந்த தப்பு மேளம் பிள்ளைக்காம்பரா அலுமாரிக்கு மேல் கிடக்கிறது. அது உன் சாமான், வந்து எடுத்துக்கொண்டு போ. சனம் ஏன் வரவில்லை என்று ஒரு நாளாவது யோசித்தாயா, இல்லை அதற்கும் நேரமில்லையா?

ஜோசப்பின்


அலுவிகாரை,
16.02.2026

ஜோசப்பின் அக்காவுக்கு,

நான் ஸலாம் சொல்லித்தான் தொடங்குகிறேன். என்னை அப்படி வளர்த்திருக்கிறார்கள்.

சனம் ஏன் வரவில்லை என்று யோசிக்க என்ன இருக்கிறது? கேட்டுக்குப் போகிறவர்களுக்கு அரைப்பேர்தான் விழும் என்று கணக்கப்பிள்ளை சொன்னார், கூட்டம் கரைந்துவிட்டது. கொழுந்து குறைந்தால் அரைநாள் வேலையாகப் பதிவார்களே, அந்த அரைப்பேர். அதற்குப் பயந்து, எப்போது மண் விழும் என்று தெரியாத கூரைக்குக் கீழே போய்ப் படுக்கத் தயாராகிற சனத்தை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? நான் சொன்னதை வாபஸ் வாங்கமாட்டேன்.

நீங்கள் மட்டும்தான் கஷ்டப்படுகிறீர்கள் என்ற நினைப்பை விடுங்கள். நான் பேசியதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறான். தோட்டத்து அப்பாவிகளைத் தூண்டிவிடும் முக்காட்டுக்காரி என்று சிங்களத்தில் தலைப்பு. அதற்கு அடுத்த கிழமை சிவில் உடுப்பில் இரண்டு போலீஸ்காரர்கள் கடைக்கு வந்து, என்னைப் பற்றியும் கேட்டு, நானாவைப் பற்றியும் கேட்டுவிட்டுப் போனார்கள். பத்தொன்பதில் ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு நானாவை விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியும். அவர் திரும்பி வரும்வரை உம்மா தொழுகிற முஸல்லாவை விட்டு எழும்பவில்லை. இப்போது ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டாலே கதவைப் பூட்டுகிறார். "வாணாம் மகள், ஒனக்கு இது வாணாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். நான் என்ன செய்ய?

இருபத்திரண்டில் கடற்கரையில் நின்று அழுதேன் அக்கா, சந்தோஷத்தில். இனி இந்த நாடு பழையபடி இருக்காது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஆட்சிக் கதிரையில் ஆட்கள் மாறினார்கள். கீழ் லயத்துக் கூரைத் தகரம் மாறவில்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நம்பிக்கை இல்லாமல் மைக்கைப் பிடிப்பது பொய் சொல்வதற்குச் சமம். இனி எனக்கு என் டியூஷன் வகுப்பு, வீடு, அவ்வளவுதான்.

தப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கோயில் திருவிழாவுக்கு யாராவது அடிக்கட்டும்.

றாபியா


இரத்தோட்டை,
27.02.2026

றாபியா,

உன் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை அடுப்பில் போடத்தான் எழும்பினேன். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. உனக்கு உண்மையிலேயே தெரியாது. இவ்வளவு நாளும் தெரிந்துகொண்டே செய்தாய் என்று நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அரைப்பேர் கதைக்கு வருகிறேன். கணக்கப்பிள்ளை அதைச் சொன்னது முதல் நாளே. சொன்ன பிறகும் கேட்டுக்கு முன்னால் கால் வைக்க இடமில்லாமல் சனம் வந்ததே, நீ பார்க்கவில்லையா? கீழ் லயத்துப் பிரின்ஸி ஒவ்வொரு நாளும் அரைப்பேர் வாங்கிக்கொண்டுதான் கைப்பிள்ளையோடு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கரைந்தது நீ தப்பைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கு மறுநாள்.

ஹெர்பர்ட்டின் அப்பா இந்தத் தோட்டத்தில் தப்பு அடித்தவர். விடியற்காலையில் ஆட்களை வேலைக்கு எழுப்ப அடிக்கவேண்டும். சாவுக்கு அடிக்கவேண்டும். புதுத் துரை வந்தால் வரவேற்க அடிக்கவேண்டும். அடித்து முடிந்ததும் வாசலுக்கு வெளியே நின்று சிரட்டையில் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கவேண்டும். கோயிலில் எல்லோரும் ஒரே நற்கருணையைத்தான் நாக்கில் வாங்கினோம். தேத்தண்ணி மட்டும் அவருக்குச் சிரட்டையில்.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே ஹெர்பர்ட் தப்பைத் தூக்கி அடுப்பில் வைத்தார். "இனிமே இந்த வரிசையில எவனும் எவன் சாவுக்கும் அடிக்க மாட்டான்" என்றார். அந்தக் கடைசி வரிசைக் காம்பராக்கள் முழுவதும் அன்றோடு நிறுத்தின. தோட்டத்தில் ஆள் வைத்து அவர்களை உதைத்துப் பார்த்தார்கள், வேலையிலிருந்து பேரை வெட்டிப் பார்த்தார்கள். நிறுத்தியது நிறுத்தியதுதான். கடைசியில் தோட்டம் சங்கு வாங்கி மாட்டியது. நீ பிறப்பதற்கு முன்னால், கெமராவும் மைக்கும் இல்லாமல், இந்தத் தோட்டத்தில் நடந்த போராட்டம் அது.

நீ என்ன செய்தாய்? எல்லோருக்கும் முன்னால் ஹெர்பர்ட்டின் மகன் ஷெல்டனிடம் தப்பை நீட்டினாய். "ஒங்க வீட்டு ஆக்களுக்குத்தான் நல்லா அடிக்கத் தெரியுமாமே, அடிங்க, இது ஒங்க கலாசாரம்" என்று சிரித்துக்கொண்டு சொன்னாய். அவன் வாங்கினான், கீழே வைத்தான், மண்டபத்துக்குப் போய்விட்டான். அவன் வரிசை அவனோடு போனது. அதைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். மறுநாள் வந்து அடிமை என்கிறாய். அடிமையாக இருக்கமாட்டேன் என்றுதான் அவன் எழும்பிப் போனான், தெரிந்துகொள்.

தபசு காலம், இப்படிக் கோபத்தோடு எழுதக்கூடாது. எழுதிவிட்டேன்.

ஜோசப்பின்


அலுவிகாரை,
06.03.2026

ஜோசப்பின் அக்காவுக்கு,

நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். பாங்கு சொன்ன பிறகும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். "என்ன மகள், யாரும் மவுத்தா?" என்று உம்மா கேட்டார்.

கொழும்பில் எந்தப் போராட்டத்துக்குப் போனாலும் தப்பு அடிப்பார்கள். நாங்கள் சுற்றி நின்று கை தட்டுவோம். கண்டியில் சொல்லிவைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஆசையாகக் கொண்டுவந்தேன். எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல் எங்கள் உடுப்பைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் எங்களுக்கே பாடம் நடத்துகிறவர்களை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன். கடைசியில் நானும் அதையே செய்திருக்கிறேன். நினைக்க நினைக்க உடம்பு கூசுகிறது.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். நீங்கள் என் பக்கத்தில்தானே நின்றீர்கள்? மைக் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ஒரு கிள்ளு கிள்ளியிருக்கலாமே! எனக்குத் தெரிந்திருக்காது என்று உங்கள் மனதில் ஒரு தடவைகூட வரவில்லையா? ஒரு மனுசனை வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறவள் என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாள் சும்மா இருந்திருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் என்னோடு ஒரே சஹனில் கை போட்டுச் சாப்பிட்டவர் நீங்கள். என்னைப் பற்றி உங்கள் மதிப்பு இவ்வளவுதானா? சிவிலில் வந்தவர்கள் பேசியதைவிட இது எனக்குச் சுடுகிறது.

ஷெல்டனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். நான் அங்கே வரமாட்டேன். எந்த முகத்தோடு வருவது?

றாபியா


இரத்தோட்டை,
24.03.2026

றாபியா,

ஷெல்டனிடம் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். மைக்கில் செய்ததற்குத் தபாலில் மன்னிப்பா? நான் என்ன உன் கந்தோர் பியூனா?

ஏன் கிள்ளவில்லை என்று கேட்கிறாய். கிள்ளியிருந்தால் நீ "என்னக்கா?" என்று மைக்கிலேயே கேட்டிருப்பாய். அடிக்கச் சொல்லாதே என்றால் ஏன் என்பாய். ஏன் என்று கேட்காமல் விடுகிற ஆளா நீ? அப்போது அவன் என்ன சாதி என்று ஊர் முன்னால், கெமரா முன்னால் நான் சொல்லியிருக்கவேண்டும். தப்பைக் கையில் வாங்கியதைவிட அது அவனுக்குக் கேவலமாக இருந்திருக்கும். அதிலும் நான் சொல்லலாமா? சிரட்டையில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

நீ பெரிய ஆள், எல்லாம் தெரிந்தவள் என்று நினைத்தது என் பிழைதான். உனக்குத் தெரியாத ஒன்று இந்தத் தோட்டத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது செய்தியைக் கேள். பெரிய துரை மண்டபத்துக் கதவில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார். சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னால் எல்லோரும் கீழ் லயத்துக்குத் திரும்பவேண்டுமாம். பிள்ளைகளுக்கு மண்டபம் தேவையாம். லயத்துக்குப் பின்னால் இருந்த வெடிப்பில் சீமெந்து பூசி, சுவருக்குச் சுண்ணாம்பும் அடித்திருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. முந்தாநாள் பெய்த மழையில் அந்தச் சீமெந்துக்குப் பக்கத்திலேயே விரல் நுழைகிற அளவுக்குப் புதிதாக வெடிப்பு விட்டிருக்கிறது. சித்திரை மழை இனித்தான் வரப்போகிறது. பிரின்ஸியின் காம்பரா அதற்கு நேர் கீழே.

உனக்கு நம்பிக்கை போய்விட்டது என்று எழுதினாய். இங்கே யாருக்கு இருக்கிறது? பிரின்ஸி காலையில் நம்பிக்கையோடா எழும்புகிறாள்? பிள்ளைக்கு ரொட்டி தட்டவேண்டும் என்று எழும்புகிறாள். நம்பிக்கை போனால் உனக்கு வீட்டுக்குப் போகலாம், போவதற்கு ஒரு வீடு இருக்கிறது. எங்களுக்குப் போவதற்கு அந்த லயம்தான் இருக்கிறது.

உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. செய்தி சொன்னேன்.

ஜோசப்பின்


அலுவிகாரை,
01.04.2026

ஜோசப்பின் அக்காவுக்கு,

பெருநாளுக்கு ஒரு வாழ்த்துச் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. ஈஸ்டர் வருகிறது, நானும் சொல்லப்போவதில்லை.

வீடு இருக்கிறது என்று குத்திக்காட்டினீர்கள். இருக்கிறது. அதற்குள் எனக்குத் தூக்கம் வருவதில்லை. மழை பெய்தால் எழும்பி உட்காருகிறேன், நீங்கள் எழுதிய அந்த வெடிப்புத்தான் கண்ணுக்குள் வருகிறது. நானா பார்த்துவிட்டு, "போறதுன்டா போ, இல்லாட்டிப் படு. ரெண்டும் இல்லாம எங்களயும் தூங்க விடாம இரிக்காத" என்று ஏசினார். போகச் சொல்கிறாரா, படுக்கச் சொல்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். பிடிக்காவிட்டால் விடுங்கள். இந்தத் தடவை கேட்டுக்கு முன்னால் உட்காராதீர்கள். ரோட்டை மறித்தார்கள் என்று சொல்லி ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போவார்கள், இந்தக் காலத்தில் அதற்கு ஒரு உத்தரவுக் காகிதமே போதும். வேறு எங்கே உட்காருவது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி இனி உங்கள் தோட்டத்தைப் பற்றிப் பேசமாட்டேன். ஹெர்பர்ட் மாமாவிடம் கேளுங்கள். அவர்தானே செய்து ஜெயித்தவர். உங்களில் யாராவது இதுவரை அவரிடம் போய்க் கேட்டீர்களா, இல்லை அவரும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறாரா?

இதை எழுத எனக்கு உரிமையில்லை என்று நினைப்பீர்கள். நினையுங்கள்.

றாபியா


இரத்தோட்டை,
20.04.2026

றாபியா,

நீ சொன்னதைக் கேட்டேன் என்று தலையில் கனம் ஏற்றிக்கொள்ளாதே. அந்தக் கடைசிக் கேள்விக்கு உன்னை அறையவேண்டும் போல் இருந்தது. அறைய நீ பக்கத்தில் இல்லை, அதனால் ஹெர்பர்ட்டிடம் போனேன்.

மண்டபத்தில் அவர் பக்கத்து மறைப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், "அண்ணே, என்னா செய்யலாம்?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்து ஆள் ஒருத்தி வந்து தன்னிடம் யோசனை கேட்டது அவருக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும். மருமகளிடம் சொல்லித் தேத்தண்ணி ஊற்றவைத்தார். உட்கார்ந்து குடித்தேன். குடித்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "ரோட்டுக்கு எதுக்குப் போறீங்க? தெனமும் அவங்களே நம்மள ஒரு எடத்துக்குக் கூப்புடுறாங்கல்ல? அங்க போயி இருப்போம்."

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை சங்கு ஊதியதும் எல்லோரும் பிரட்டுக்களத்துக்குப் போனோம். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடம் அது, உனக்கு நான் காட்டியிருக்கிறேன். வழக்கமாகக் கொழுந்துக் கூடையோடு போகிற சனம், அன்றைக்குப் பாய், சட்டி, பானை, பிள்ளை குட்டி எல்லாவற்றோடும் போனது. கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டார். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக "இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்கள். "மலைக்குப் போங்க" என்றார். யாரும் எழும்பவில்லை. "நீங்கதானங்கய்யா கூப்புட்டீங்க, வந்துட்டோம்" என்றாள் பிரின்ஸி. அவள் வாயிலிருந்து இப்படி வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மத்தியானம் போலீஸ் வந்தது. யார் தூண்டிவிட்டது, யார் எதை மறித்தது என்று கேட்டார்கள். ஷெல்டன் நல்ல சிங்களத்தில் பதில் சொன்னான். தோட்டம் கூப்பிட்டது சேர், வந்திருக்கிறோம், யாரையும் மறிக்கவில்லை என்றான். அந்த இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார், பெரிய துரையைப் பார்த்தார், ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். இரவு எல்லோரும் அங்கேயே படுத்தோம். மழை பெய்தது. நான் பயந்தேன், பொய் சொல்லமாட்டேன். யாராவது ஒரு குடும்பம் பாயைச் சுருட்டினால் மற்றவர்களும் சுருட்டிவிடுவார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். யாரும் சுருட்டவில்லை.

அந்தக் கிழமை முடிவதற்குள் மண்சரிவு பார்க்கிற அதிகாரிகள் மாத்தளையிலிருந்து வந்தார்கள். லயத்துக்குப் பின்னால் போய்ப் புது வெடிப்பைப் பார்த்தவர்கள் அதிக நேரம் நிற்கவுமில்லை. கீழ் லயத்துக் கதவுகளில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இனி அங்கே யாரையும் குடியிருத்தக்கூடாது. மண்டபத்திலேயே இருக்கலாம் என்று பெரிய துரை சொன்ன பிறகுதான் களத்தை விட்டு எழும்பினோம். நோட்டீஸ் ஒட்டி நாலு நாளில், அடித்த மழையில், பிரின்ஸியின் காம்பராவுக்குள் மண் வந்து நிறைந்துவிட்டது. உள்ளே ஒரு உயிர் இல்லை, றாபியா. பிள்ளை படுக்கிற மூலையில் கூரை வரைக்கும் மண்.

காணி இன்னும் தரவில்லை. தருவார்களோ தெரியாது. தரும்வரை வேலைக்குப் போவதற்கு முன்னால் தினமும் நாங்களே பிரட்டு வைத்து, நாங்களே பேர் கூப்பிடுகிறோம். ஷெல்டன்தான் கூப்பிடுகிறான்.

இவ்வளவும் நீ இல்லாமல் நடந்தது. அது உனக்குச் சுடவேண்டும் என்றுதான் விலாவாரியாக எழுதினேன்.

இன்னும் ஒன்று. எழுதாமல் விடப் பார்த்தேன், மனம் கேட்கவில்லை. நாங்களே பிரட்டு வைத்த முதல் நாள் ஷெல்டன் எல்லோரையும் கூப்பிட்டு முடித்துவிட்டுக் கடைசியாக "றாபியா" என்றான். "அவளா? நம்மள அடிமைன்னு சொல்லிப்புட்டுப் போனவளாச்சே" என்றாள் பிரின்ஸி. ஹெர்பர்ட்தான் சொன்னார். "வந்தா. மழையில ஒக்காந்தா. பாதியில போயிட்டா. அரைப்பேர் போடு." சனம் சிரித்துவிட்டது. நவம்பருக்குப் பிறகு அவர்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

தோட்டத்துக் கணக்கு உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். வேலையை விட்டுப் போனவளின் பேரை வெட்டிவிடுவார்கள். அரைப்பேர் விழுந்தவள் இன்னும் தோட்டத்து ஆள். அவள் மறுநாள் பிரட்டுக்கு வந்து நிற்கவேண்டும். ஷெல்டன் தினமும் உன்னைக் கூப்பிடுகிறான், தினமும் உனக்கு அரைப்பேர்தான் விழுகிறது. எனக்கு மானம் போகிறது.

பிரட்டு ஆறரைக்கு. முதல் பஸ்ஸில் வந்தாலும் பிடிக்கமாட்டாய், முதல் நாளே வந்து என்னோடு படு. உம்மாவிடம் நான் வந்து பேசுகிறேன். ஷெல்டனிடம் சொல்லவேண்டியதை நீயே சொல், மைக் இல்லாமல். அந்தத் தப்பை என்ன செய்வதென்றும் அவனிடமே கேள். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று இங்கே யாரும் உன்னைக் கேட்கப்போவதில்லை. "இருக்கேன்" என்று சொன்னால் போதும்.

இந்த மாதம் முடிவதற்குள் வராவிட்டால் அந்த அரைப்பேரையும் வெட்டச் சொல்லிவிடுவேன்.

ஜோசப்பின் அக்கா